தீயில் ஃபின் பிளேட் இணைப்பு: போல்ட்டுக்கு ஷியர் கணக்கு மட்டும் போட்டால் போதுமா?

கேள்வி: சட்டகம்12

ஸ்டீல் பிரேம் கட்டடம், 60 நிமிடத் தீத்தாங்கு நேரம். நான் கேட்பது ஒரு குறிப்பிட்ட இணைப்பைப் பற்றி.

பீம் 9 மீட்டர், ஆழம் 400 மி.மீ., மேலே காங்கிரீட் ஸ்லாப்போடு காம்போசிட் (இரண்டும் ஒன்றாகச் சுமை தாங்கும்). தூணோடு சேர்ப்பது 10 மி.மீ. ஃபின் பிளேட் (தூணில் வெல்ட் செய்து, பீமின் வெப்போடு, அதாவது நடுத்தகட்டோடு, போல்ட் போடும் தகடு), எஸ்275 எஃகு. போல்ட் எம்20 (விட்டம் 20 மி.மீ.), பலத் தரம் 8.8, மூன்று எண்ணம், ஒரே வரிசையில் 70 மி.மீ. இடைவெளி. போல்ட்டின் மரைப் பகுதி ஷியர் தளத்தில் (தகடுகள் போல்ட்டைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் இடத்தில்) வருகிறது. சாதாரண வெப்பநிலையில் முனை ரியாக்ஷன் 150 கிலோநியூட்டன். தீயின்போது வரும் சுமைக்குப் பாதி எடுத்தேன், 75.

பீமின் கீழ் ஃப்ளாஞ்ச் (கிடைத்தகடு) 620 டிகிரிக்கு மேல் போகாதபடி இன்ட்யூமசென்ட் பெயின்ட் (சூட்டில் உப்பி எஃகைக் காக்கும் பூச்சு) கணக்கிட்டிருக்கிறது. யூரோகோட் 3 (ஐரோப்பிய எஃகுக் கட்டுமானக் குறியீடு), தீ பற்றிய பகுதி 1-2, பிற்சேர்க்கை டி-யில் உள்ள விதிப்படி இணைப்பின் வெப்பநிலை எடுத்தேன். 400 மி.மீ. வரை ஆழமுள்ள பீமுக்கு: 0.88 × கீழ் ஃப்ளாஞ்ச் வெப்பநிலை × (1 − 0.3 × உயர விகிதம்). உயர விகிதம் என்பது பீமின் அடியிலிருந்து போல்ட்டின் உயரம் ÷ பீம் ஆழம். கீழ் போல்ட் 492, நடு 464, மேல் 435 டிகிரி. போல்ட் குறைப்புக் காரணிகள் (சூட்டில் மிஞ்சும் பலத்தின் பங்கு) முறையே 0.57, 0.63, 0.70. தீக்குப் பகுதிப் பாதுகாப்புக் காரணி 1.0 என்பதால் மூன்றும் சேர்ந்து 223 கிலோநியூட்டன். தேவை 75.

மூன்று மடங்கு கையிருப்பு இருக்கிறது. இதோடு விட்டுவிடலாமா? கூடவே இரண்டு சந்தேகங்கள்: போல்ட் தலைகளுக்குத் தனியாகப் பெயின்ட் தேவையா? தீ விபத்து நடந்தால் அந்த போல்ட்டுகளை மறுபடி நம்பலாமா?

பதில் 1: வெப்பநிலை_வளைவு

கணக்கில் பிழை இல்லை. ஆனால் தீயில் அந்த இணைப்புக்கு வரும் விசைகளில் செங்குத்து ஷியர்தான் மிகச் சிறியது. மற்ற விசைகள் உங்கள் தாளில் இல்லை. அவை ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் வருகின்றன.

முதலில் தள்ளல். 620 டிகிரியில் 9 மீட்டர் எஃகு தடையில்லாமல் நீண்டால் ஏறத்தாழ 79 மி.மீ. பெரிதாகும். உங்கள் பீம் முனைக்கும் தூண் முகத்துக்கும் இடையே 10 மி.மீ. இடைவெளி இருக்கும். தூண்கள் அசையவே அசையாது என்று வைத்துக்கொண்டால் 110 டிகிரி ஏறியதுமே எஸ்275 பீமில் அழுத்தம் யீல்டைத் (எஃகு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அளவை) தொட்டுவிடும். உண்மையில் தூண் வளைந்து கொடுக்கும், அதனால் அது இன்னும் மேலே நடக்கும், ஆனாலும் நடக்கும். இதற்கு அடையாளம், இணைப்பை ஒட்டிக் கீழ் ஃப்ளாஞ்ச் நசுங்கி அலையலையாக மடிவது. இங்கிலாந்தில் கார்டிங்டனில் 1995–96-இல் எட்டு மாடி எஃகுக் கட்டடத்துக்குள் நடத்திய தீச்சோதனைகளில் இந்த மடிப்பு தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

அதே நேரத்தில் ஸ்லாப் மேல் ஃப்ளாஞ்சைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதால் பீம் கீழ்நோக்கி வில்லாக வளையும். பலம் குறைவதற்கு முன்பே முனைகள் சுழலத் தொடங்கிவிடும். பீமின் நடு உயரத்தைச் சுற்றிச் சுழல்கிறது என்று எடுத்தால், 10 மி.மீ. இடைவெளி மூட 0.05 ரேடியன், அதாவது 3 டிகிரிக்கும் குறைவான சுழற்சி போதும். கீழ் ஃப்ளாஞ்ச் தூணில் முட்டியதும் அந்தப் புள்ளி நெம்புகோலின் தாங்குபுள்ளியாக மாறும். அதுவரை எளிய இணைப்பாக இருந்தது மொமென்ட் (வளைக்கும் திருப்புவிசை) வாங்கும் இணைப்பாகிவிடும். மேல் போல்ட் இழுபடும்.

அடுத்து இழுவை. பீம் இன்னும் சூடானால் வளைவுத் திறன் போய், கயிறுபோலத் தொங்கிச் சுமையைத் தாங்க முயலும். உங்கள் எண்களையே வைத்து ஒரு தோராயக் கைக்கணக்கு போடுகிறேன். 750 டிகிரியில் எஃகின் யீல்ட் 0.17 மடங்கு; 620-ல் அது 0.42. 620-ல் சரியாகத் தாங்கிய பீம் 750-ல் மொமென்ட்டில் 40 சதவீதம்தான் ஏற்கும். தீச் சுமைக்கு மைய மொமென்ட் சுமார் 169 கிலோநியூட்டன் மீட்டர். மிச்சம் 101-ஐத் தொங்கல் எடுக்க வேண்டும். 750-ல் வெப்ப நீட்சி 99 மி.மீ.; அது முழுவதும் தொய்வாக மாறினால் நடுவில் 0.58 மீட்டர் இறங்கும். 101-ஐ 0.58-ஆல் வகுத்தால் கிடை இழுவை 174 கிலோநியூட்டன்.

இப்போது இணைப்பைப் பாருங்கள். அதே 0.88 விதிப்படி போல்ட்டுகள் 596, 561, 526 டிகிரி. காரணிகள் 0.23, 0.35, 0.46. மூன்றும் சேர்ந்து 123 கிலோநியூட்டன். செங்குத்தாக 75 போக, வெக்டர் முறையில் கிடைத் திசைக்கு மிஞ்சுவது 97. தேவை 174. போல்ட்டுகள் அறுந்துவிடும்.

130 டிகிரி வித்தியாசத்தில் உங்கள் 223 எப்படி 123 ஆகிறது என்பதைக் கவனியுங்கள். 8.8 போல்ட்டின் காரணி 400-ல் 0.775, 500-ல் 0.55, 600-ல் 0.22, 700-ல் 0.10. சாதாரணக் கட்டுமான எஃகின் யீல்ட் காரணி அதே இடங்களில் 1.0, 0.78, 0.47, 0.23. அதாவது 500-க்கும் 600-க்கும் நடுவே போல்ட் தன் பலத்தில் அறுபது சதவீதத்தை இழக்கிறது, பிளேட் நாற்பதுதான் இழக்கிறது.

இதனால் உடையும் இடமே மாறிவிடுகிறது. நாம் ஃபின் பிளேட்டை எப்படி வடிவமைக்கிறோம்? போல்ட் அறுவதற்கு முன் துளை நீள வேண்டும், அதுதான் பாதுகாப்பான தோல்வி. அதற்காகத்தான் எஸ்275 பிளேட் தடிமன் போல்ட் விட்டத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது, எஸ்355 என்றால் 0.42 மடங்கு என்ற விதி. உங்கள் 10 மி.மீ. சரியாக அந்த வரம்பில் நிற்கிறது. சாதாரண வெப்பநிலையில் உங்கள் பிளேட்டின் பேரிங் (துளைச் சுவர் போல்ட்டின் அழுத்தத்தைத் தாங்கும் திறன்) ஒரு போல்ட்டுக்குச் சுமார் 123 கிலோநியூட்டன், போல்ட் ஷியர் 118 (இரண்டும் பாதுகாப்புக் காரணி இல்லாமல்). கிட்டத்தட்ட சமம். 600 டிகிரியில், பிளேட்டுக்கு யீல்ட் பலத்தை மட்டும் எடுத்தால், பிளேட் 39, போல்ட் 26. எஸ்355-ல் செய்த அதே பிளேட் 50 தாங்கும், போல்ட் 26-தான். குளிரில் நீளவேண்டிய துளை சூட்டில் நீளாது. போல்ட் பட்டென்று போய்விடும். அந்தத் தடிமன் விதி அறை வெப்பநிலைக்கு எழுதப்பட்டது, தீக்கு அதே உத்தரவாதம் தராது.

பதில் 2: பூச்சு_மேற்பார்வை

பெயின்ட் கேள்விக்கு மட்டும். ஆம், போல்ட் தலை, நட், வெளியே தெரியும் மரை எல்லாவற்றுக்கும் பூச்சு தேவை. பீம் பூச்சைத் தொழிற்சாலையிலேயே அடித்து, இணைப்புப் பகுதியை மட்டும் வெறுமையாக விட்டு அனுப்புவார்கள். போல்ட் முறுக்கியபின் அந்த இடத்தைக் கையால் முடிக்க வேண்டும். தவறு நடப்பதெல்லாம் இங்கேதான்.

போல்ட்டுகள் உயவு எண்ணெயோடு வருகின்றன. கரைப்பான் கொண்டு துடைக்காமல் பிரைமர் அடித்தால் பூச்சு ஒட்டாது. பார்ப்பதற்கு நன்றாக இருக்கும், சூடு பட்டதும் தகடாக உரிந்து விழும். நாகம் பூசிய போல்ட்டுக்கு, அந்தப் பெயின்ட் தயாரிப்பாளர் அனுமதித்த பிரைமர் வேண்டும். நேராக அதன்மேல் அடிப்பதும் அதே உரிதல்தான்.

தலையின் கூர் விளிம்புகளில் ஈரப் பெயின்ட் விலகி மெலிந்துவிடும். காந்தமுறைத் தடிமன்மானி அந்தச் சின்னப் பரப்பில் நம்பத்தக்க எண் காட்டாது. ஈரப்படலச் சீப்பு கொண்டு ஒவ்வொரு பூச்சையும் அளந்து, எத்தனை பூச்சு என்று எழுதிவைப்பதுதான் வழி.

எந்தத் தடிமன் என்பது அடுத்தது. இணைப்பில் சேரும் உறுப்புகளில் எதற்கு அதிகத் தடிமன் தேவையோ அதுவே இணைப்புக்கும். பருமனான தூணுக்கு மெல்லிய பூச்சு போதும், பீமுக்குத் தடிப்பாக வேண்டும். ஃபின் பிளேட் தூணோடு வெல்ட் ஆகி வருவதால் அதற்குத் தூணின் மெல்லிய பூச்சே விழுந்துவிடுகிறது. வரைபடத்தில் இதைத் தனியாக எழுதாவிட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

பீம் முனைக்கும் தூணுக்கும் நடுவே உள்ள 10 மி.மீ. இடைவெளியில் கம்பளி அடைப்பவர்கள் இருக்கிறார்கள். இன்ட்யூமசென்ட் சூட்டில் பல மடங்கு உப்பித்தான் காக்கும். உப்ப இடம் இல்லை என்றால் வேலை செய்யாது. அலங்காரப் பலகையை இணைப்போடு ஒட்டி அடிப்பதும் இதே பிழை.

பாதுகாப்பில்லாத துணை பீம் ஒன்று பூசிய முதன்மை பீமில் சேருமிடத்தையும் பாருங்கள். வெறும் எஃகு வெப்பத்தை உள்ளே கடத்திவரும். துணை பீமிலும் 500 மி.மீ. நீளத்துக்குப் பூச்சைத் தொடர்வது வழக்கமான நடைமுறை.

பதில் 3: மரையாணி

முதல் பதிலோடு ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. 60 நிமிடத்துக்குள் பீம் 620-ஐத் தாண்டாது என்றுதானே பூச்சே கணக்கிட்டிருக்கிறது? அப்படியென்றால் 750 டிகிரித் தொங்கல் இங்கே முதன்மைக் கவலை அல்ல. மேலும் ஸ்லாப் இருக்கிறது. கார்டிங்டன் ஸ்லாப்பில் ஒரு மீட்டருக்கு 142 சதுர மி.மீ. கம்பி வலைதான் இருந்தது. பாதுகாப்பில்லாத பீம்கள் பெரிதாகத் தொய்ந்தபோதும் ஸ்லாப் சவ்வுபோல நின்று தாங்கியது, கட்டடம் விழவில்லை.

அங்கே இணைப்புகள் முறிந்தது பெரும்பாலும் ஆறும்போது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். தள்ளலில் நசுங்கிய பீம் நிரந்தரமாகக் குட்டையாகிவிட்டது. 620-லிருந்து 200 டிகிரிக்கு இறங்கும்போது அது இன்னும் 58 மி.மீ. சுருங்கப் பார்க்கும், முனைக்கு 29. தொய்வு கொஞ்சம் நிமிர்ந்து ஒரு பங்கைக் கொடுக்கும், தூணும் கொஞ்சம் கொடுக்கும். மீதியைக் கொடுக்க வேண்டியது இணைப்பு. போல்ட் துளையில் 2 மி.மீ. தளர்ச்சி இருக்கிறது, அவ்வளவுதான். கார்டிங்டனில் பாதி ஆழ எண்ட் பிளேட்டுகள் (பீம் முனையில் வெல்ட் செய்து தூணில் போல்ட் போடும் தகடுகள்) வெல்ட்டை ஒட்டி ஒரு பக்கம் மட்டும் கிழிந்தன. மறு பக்கம் பிடித்திருந்ததால் செங்குத்துச் சுமை விழவில்லை. ஃபின் பிளேட்டுகளில் போல்ட்டுகள் ஷியரில் அறுந்தன. நெருப்பு அணைந்தபின் கட்டடத்துக்குள் போகிறவர்களுக்கு இதுதான் ஆபத்து: அதிகபட்ச சூட்டில் நின்ற இணைப்பு ஒரு மணிநேரம் கழித்து உடையலாம்.

இன்னொரு விஷயம், 0.88 விதியை ஆறும் கட்டத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். இணைப்பில் எஃகு அதிகம் குவிந்திருப்பதால்தான் அது பீமை விட மெதுவாகச் சூடாகிறது. அதே காரணத்தால் மெதுவாக ஆறும். பீம் சுருங்கத் தொடங்கும்போது போல்ட் பீமைவிடச் சூடாகவே இருக்கலாம். இழுவை உச்சத்தில், பலம் அடியில்.

போல்ட் தரத்தை 10.9-க்கு மாற்றினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மரை ஷியர் தளத்தில் இருந்தால் யூரோகோட் 10.9-க்கு 0.5 காரணியும் 8.8-க்கு 0.6-ம் தருகிறது. எம்20-க்கு 122.5 எதிர் 117.6. நாலு சதவீத லாபம். அதற்குப் பதில் மரை ஷியர் தளத்தில் விழாதபடி போல்ட் நீளம் தேர்ந்தெடுத்தால், அதே 8.8 எம்20 தண்டில் 151. எம்24-க்குப் போனால் மரையிலேயே 169. பெரிய போல்ட் எளிய வழி. சோதனைகளில் 10.9 ஃபின் பிளேட்டுக்கு உதவியிருக்கிறது, அதை மறுக்கவில்லை. குறியீட்டுக் கணக்கில் அந்த லாபம் தெரியாது.

இழுவை வரும் இணைப்பில் மரை உரிதலையும் பாருங்கள். நட் மென்மையாகி மரை வழுக்கிக் கழன்றால் போல்ட் உடையாமலே இணைப்பு பிரியும். வெப்ப முழுக்கில் நாகம் பூசும் நட்டுக்கு மரையைச் சற்றுப் பெரிதாக வெட்டுவார்கள், அது கடிப்பைக் குறைக்கும். 8.8 போல்ட்டுக்குத் தரம் 10 நட் போடுவது நல்லது. முன்விசைப் போல்ட்டுகளில் (முறுக்கி முன்கூட்டியே இழுவை ஏற்றியவை) எச்வி வகைக்கு நட் உயரம் விட்டத்தில் 0.8 மடங்குதான், அந்த வகை மரை உரிந்து தோற்கும்படியே அமைந்தது. எச்ஆர் வகை போல்ட் நீண்டு தோற்கும். தீயில் நீளும் திறன்தான் வேண்டும் என்றால் எச்ஆர் எடுங்கள். நட்டுக்கு வெளியே குறைந்தது ஒரு முழு மரையாவது தெரியட்டும்.

உராய்வுப் பிடி இணைப்பு என்றால் தீயில் அது வழுக்கிவிட்டதாகவே கொண்டு பேரிங்கில் கணக்கிட வேண்டும், குறியீடே அப்படித்தான் சொல்கிறது.

சட்டகம்12

இருவருக்கும் நன்றி. அப்படியென்றால் ஃபின் பிளேட்டையே கைவிட்டு எண்ட் பிளேட்டுக்குப் போவதா? அல்லது துளையைக் கிடையாக நீள்துளை ஆக்கிவிட்டால் விரிவும் சுருக்கமும் தானே போய்விடாதா?

பதில் 4: வெப்பநிலை_வளைவு

60 நிமிட எல்லைக்குள் ஆறும் கட்டம்தான் முதன்மை என்பதை ஏற்கிறேன். ஆனால் பூச்சு உரிந்த ஒரு பீம், எதிர்பார்த்ததைவிட நீண்ட தீ, இவை காகிதத்தில் இல்லாமல் போகாது. 750 கணக்கை அதற்காகப் போட்டேன். தள்ளலைச் சிறிதாக எண்ணக்கூடாது என்பதற்கும் பெரிய சான்று இருக்கிறது. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் விழுந்த உலக வர்த்தக மையம் 7-ஆம் கட்டடத்தைப் பற்றி அமெரிக்க என்ஐஎஸ்டி (தேசியத் தரநிலைகள் தொழில்நுட்பக் கழகம்) 2008-இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு: நீண்ட தரை பீம்கள் விரிந்து 13-ஆம் தளத்தில் ஒரு முக்கிய கர்டரை (மற்ற பீம்களைத் தாங்கும் பெரிய பீமை) 79-ஆம் தூணில் இருந்த இருக்கையிலிருந்து தள்ளிவிட்டன, அங்கிருந்து சரிவு தொடங்கியது. தீத்தாங்கு வகுப்புக்கு வழக்கமாகக் கருதும் வெப்பநிலைக்குப் பல நூறு டிகிரி கீழேயே இது நடந்தது என்கிறது அந்த அறிக்கை. எஃகு பலம் இழக்கும் முன்பே இணைப்பு போகலாம் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நீள்துளை: செங்குத்து விசைக்கு நீள்துளையின் நீண்ட அச்சு குறுக்கே இருப்பதால் பேரிங்கை 0.6-ஆல் பெருக்க வேண்டும், அது முதல் இழப்பு. விரிவுக்கு இடம் கொடுத்தாலும் பீம் முனை 10 மி.மீ.-ல் தூணில் முட்டும், ஆகவே இடைவெளியையும் பெரிதாக்க வேண்டும். அப்போது ஃபின் பிளேட் நீண்டு, நெளியும் ஆபத்து வரும். சில மில்லிமீட்டர் உதவும், 29 மி.மீ. பிரச்சினையைத் தனியாகத் தீர்க்காது.

ஷெஃபீல்டு, மான்செஸ்டர் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து சூட்டில் இணைப்புகளைச் சாய்வாக இழுத்துச் சோதித்திருக்கின்றன. 650 டிகிரி வரை. நான்கு வகை: ஃபிளஷ் (முழு ஆழ) எண்ட் பிளேட், பாதி ஆழ எண்ட் பிளேட், ஃபின் பிளேட், வெப் ஆங்கிள் கிளீட் (வெப்பையும் தூணையும் இணைக்கும் எல் வடிவத் துண்டு). ஃபின் பிளேட்டில் போல்ட் ஷியர் தீர்மானித்தது. ஃபிளஷ் எண்ட் பிளேட் வலுவானது, ஆனால் போல்ட் முறிவிலோ மரை உரிதலிலோ முடிகிறது. நீளும் திறனில் முன்னே நின்றது ஆங்கிள் கிளீட். காரணம் எளிது: இழுக்கும்போது ஆங்கிளின் கால் தூணிலிருந்து விலகி விரிந்து நேராகிறது. அந்த விரிதலே மில்லிமீட்டர்களைக் கொடுக்கிறது, போல்ட் அதுவரை காத்திருக்கிறது. இணைப்பு வகையைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருந்தால் நான் இரட்டை ஆங்கிள் கிளீட்தான் போடுவேன்.

ஃபின் பிளேட்டிலேயே நிற்க வேண்டும் என்றால்: எம்24, 8.8, நான்கு எண்ணம், 70 மி.மீ. இடைவெளி, மேல் கீழ் முனைத்தூரம் 45, பிளேட் உயரம் 300. இது 400 பீமின் வெப்பில் அடங்கும். கிடைத் திசையில் பிளேட்டிலும் வெப்பிலும் விளிம்புத்தூரம் 50. அதே 750 டிகிரியில் நான்கு போல்ட்டுகளும் 613, 578, 544, 509-ல் இருக்கும். சேர்ந்து 241 கிலோநியூட்டன். செங்குத்து 75 போகக் கிடைக்கு 229. இப்போது உங்கள் வெப் தடிமன் 7.5 மி.மீ. என்று வைத்தால், வெப்பின் பேரிங் நான்குக்கும் சேர்த்து 188, செங்குத்தைக் கழித்தால் 172. தேவை 174. சரிக்குச் சரி. ஆனால் முதலில் நீளப்போவது வெப் துளை, போல்ட் அல்ல. துளை நீண்டால் தொய்வு கூடும், தொய்வு கூடினால் கிடை இழுவை குறையும். நாம் வேண்டிய தோல்வி முறை இதுதான். விளிம்புத்தூரத்தை 50-க்குக் கீழே விடாதீர்கள். துளை நீள இடம் இல்லாமல் விளிம்பு கிழிந்தால் இந்தக் கணக்கே போய்விடும்.

பிளேட்டை எஸ்355 ஆக்கவும் வேண்டாம், 12 மி.மீ. ஆக்கவும் வேண்டாம். பலம் கூடுகிறதே என்று தோன்றும், போல்ட்டைத்தான் பலியிடுகிறீர்கள்.

வெல்ட்டை மட்டும் கூட்டுங்கள். 600 டிகிரியில் ஃபில்லட் வெல்ட்டின் காரணி 0.378, பிளேட்டுக்கு 0.47. அறை வெப்பநிலையில் பிளேட்டுக்குச் சமமாக இருந்த வெல்ட் சூட்டில் ஐந்தில் ஒரு பங்கு பின்தங்கும். இரண்டு பக்கமும் 8 மி.மீ. கால் அளவு போட்டிருப்பீர்கள், 10 ஆக்குங்கள்.

முனை இடைவெளியை 10-லிருந்து 20 ஆக்கினால் முட்டும் சுழற்சி இரு மடங்காகும். பிளேட் நெளிவைச் சரிபார்த்துவிட்டுச் செய்யலாம். ஸ்லாப் வலை தூண்களைச் சுற்றித் தொடர்ந்து ஓடுகிறதா, மேலொட்டு முழு நீளத்துக்கு இருக்கிறதா, ஓர பீம்களில் யூ கம்பிகள் ஸ்டட்டைச் (ஸ்லாப்பைப் பிடிக்கப் பீமின்மேல் வெல்ட் செய்த முளையை) சுற்றி வளைகின்றனவா என்று பாருங்கள். இணைப்பு போனாலும் தரை நிற்க வேண்டும் என்றால் இந்தக் கம்பிகள்தான் துணை.

பதில் 5: மரையாணி

தீக்குப்பின் போல்ட் பற்றிய கேள்வி விட்டுப்போயிருக்கிறது.

8.8, 10.9 இரண்டும் சூடாக்கிக் குளிர்வித்துப் பதப்படுத்திய எஃகு. அந்தப் பதத்துக்கு ஐஎஸ்ஓ 898-1 (போல்ட்டுக்கான பன்னாட்டுத் தரநிலை) சொல்லும் குறைந்தபட்ச வெப்பநிலை 425 டிகிரி. தீயில் போல்ட் தன் பதவெப்பநிலையைத் தாண்டினால் மறுபடி ஒருமுறை பதப்பட்டு மென்மையாகிவிடும். ஆறினாலும் பழைய பலம் திரும்பாது. பீமின் சாதாரண எஃகு 600 டிகிரிக்குள் இருந்திருந்தால் பெரும்பாலும் மீளும். ஆகவே நேராக நிற்கும் பீமைப் பார்த்து போல்ட்டும் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக்கூடாது.

பார்வையில் தெரியும் குறிகள்: போல்ட் தலையில் பெயின்ட் கொப்பளித்திருப்பது, வழவழப்பான சாம்பல் நிறப் படலம். நாகம் 419.5 டிகிரியில் உருகும், அதனால் நாகப்பூச்சு உருகி வழிந்த தடம் இருந்தால் அந்த போல்ட் 420-ஐத் தொட்டுவிட்டது. இந்தக் குறிகளில் எது இருந்தாலும் மாற்றிவிடுங்கள், சோதிக்கவும் வேண்டாம். போல்ட் விலை, சோதனைச் செலவைவிடக் குறைவு.

சந்தேகமான பகுதிகளில் மாதிரி எடுத்து விக்கர்ஸ் கடினத்தன்மை பாருங்கள். 16 மி.மீ.-க்கு மேற்பட்ட 8.8 போல்ட்டுக்கு 255 முதல் 335, 10.9-க்கு 320 முதல் 380. கீழ் வரம்புக்குக் குறைந்தால் அந்தப் பகுதி முழுவதும் மாற்ற வேண்டியதுதான். மாதிரியைத் தீ மையத்திலிருந்து மட்டும் எடுக்காதீர்கள், தொலைவாகப் போய்க்கொண்டே எடுங்கள். எல்லை எங்கே என்று அப்போதுதான் தெரியும். எடுத்த இடத்தில் உடனே புதியது போடுங்கள், ஒரு நேரத்தில் ஒரு போல்ட் மட்டும். பீம் சுருங்கி இழுத்துக்கொண்டிருக்கும் இணைப்பில் போல்ட்டைத் தளர்த்தினால் துளைகள் சட்டென விலகிப் புதியது நுழையாமல் போகும், ஆகவே முதலில் பீமுக்கு அடியில் தற்காலிகத் தாங்கல் நிறுத்துங்கள்.

முன்விசைப் போல்ட்டுகளில் கடினத்தன்மை சரியாக வந்தாலும் முன்விசை இருக்கும் என்று எண்ண வேண்டாம். சூட்டில் அது தளர்ந்திருக்கும். மறுபடி முறுக்காமல் புதிய தொகுப்பாகவே மாற்றுங்கள்.

போல்ட்டைக் கழற்றியபின் துளையையும் பாருங்கள். நீள்வட்டமாக இழுபட்டிருந்தால் அந்தப் பீம் ஆறும்போது இழுத்திருக்கிறது. மறு முனையில் வெல்ட்டை ஒட்டி மயிரிழை விரிசல் தேடுங்கள். பெயின்ட்டை அகற்றிக் காந்தத்துகள் சோதனை செய்தால்தான் அது கண்ணுக்குப் படும்.